சிப்பி போட்ட ஸ்டவுட் குடிச்சேன். அந்தக் கடல் ருசி நிஜமா, என் நினைப்பா?

அலைவாய்க்கரை எழுதியது:

டப்ளினுக்கு வந்து நாலு வருஷம் ஆகுது. பியர்ல எனக்குப் பிடிச்சது ஸ்டவுட்ங்கிற கறுப்புப் பியர் மட்டும்தான். கருக வறுத்த பார்லியோட அந்தக் கசப்பு, காப்பிக்கொட்டை வறுக்கிற வாசனை, இதுக்காகவே வாரம் ஒரு பைண்ட் குடிப்பேன். பெரும்பாலும் கின்னஸ்தான்.

போன வெள்ளிக்கிழமை வேலை முடிஞ்சு நாலு பேர் ஒரு பப்புக்குப் போனோம். அங்கே போர்ட்டர்ஹவுஸோட ஆய்ஸ்டர் ஸ்டவுட் இருந்தது. போர்ட்டர்ஹவுஸ்னா 1996ல டெம்பிள் பார்ல தொடங்கின பப். கின்னஸோட ஊர்லயே, எங்க ஸ்டவுட்டை நாங்களே காய்ச்சிக்கிறோம்னு நின்ன ஆளுங்க. அதனால அவங்க பேர்ல எனக்கு முன்னாடியே ஒரு மரியாதை உண்டு. "ஆய்ஸ்டர்னா பேருக்குத்தானே?"ன்னு கேட்டேன். "இல்லை, நிஜச் சிப்பி. ஓட்டை உடைச்சு, பியர் பக்குவமாகிற தொட்டியிலேயே போடுவாங்க"ன்னு பரிமாறினவர் சொன்னார்.

நான் கடற்கரை ஊர்க்காரி. மீன் கெட்டுப்போச்சா இல்லையான்னு கண்ணை மூடிக்கிட்டே சொல்லிடுவேன். அதனால முதல் வாய் குடிக்கும்போது மீன் கவிச்சியைத்தான் தேடினேன். துளிகூட இல்லை. வாயில வச்சதும் வறுத்த பார்லி, கொஞ்சம் கறுப்புச் சாக்லேட். நடுவுல கசப்பு ஏறும்னு காத்திருந்தா, ஏற வேண்டிய இடத்துல அது அப்படியே உருண்டு, மழுங்கிப் போகுது. முழுங்கின பிறகுதான் விஷயமே. நாக்கோட ரெண்டு ஓரத்துலயும் ஏதோ ஒண்ணு தங்குது. உப்புன்னு சொல்ல முடியாது. கடல்ல குளிச்சுட்டு வந்து ரொம்ப நேரம் கழிச்சு உதட்டை நக்கினா இருக்குமே, அது. கூடவே மெல்லிசா ஒரு உலோக வாடை. பாதி கிளாஸ் வரைக்கும் யார்கிட்டயும் பேசாம அதையே கவனிச்சுக்கிட்டு இருந்தேன்.

கூட வந்தவர் ஒருத்தர் "பேரைக் கேட்டதால உனக்கு அப்படித் தோணுது, எனக்குச் சாதாரண ஸ்டவுட்தான்"னு அடிச்சுச் சொல்லிட்டார். அதுலேர்ந்து மனசு கேக்கலை. கறுத்த, கசப்பான, வறுத்த வாசனை அடிக்கிற ஒரு பானத்துல நாலஞ்சு சிப்பி ருசி தெரிய வழியிருக்கா? இதைக் காய்ச்சினவங்க, சிப்பியோட புழங்கினவங்க யாராவது இருந்தா சொல்லுங்க. எனக்கு இது நிஜமாத் தெரிஞ்சாகணும்.

—

வல்லைவெளி எழுதியது:

வணக்கம். நான் லண்டனிலை இருக்கிறன். பத்து வருசமா வீட்டிலை பியர் காய்ச்சிறன், ரண்டு முறை சிப்பி போட்டும் காய்ச்சியிருக்கிறன். உங்கடை நாக்கு பொய் சொல்லேல்லை எண்டுதான் நினைக்கிறன். ஆனா நீங்கள் சொன்ன எல்லாமே சிப்பியாலை வந்ததெண்டும் சொல்லேலாது.

முதல்லை பழைய கதை கொஞ்சம். 19ஆம் நூற்றாண்டிலை லண்டனிலையும் டப்ளினிலையும் சிப்பி ஏழையளின்ரை சாப்பாடு. போர்ட்டர் எண்ட கறுப்புப் பியரும் ஸ்டவுட்டும் வேலை செய்யிற சனத்தின்ரை குடி. ரண்டும் ஒரே மேசையிலை இருந்தது, அவ்வளவுதான். சிப்பியைப் பியருக்குள்ளையே போட்டதெண்டு தெரிய வாறது 1929 இலை நியூசிலாந்திலை. பிறகு 1938 இலை இஞ்ச லண்டனிலை ஹமர்ட்டன் எண்ட பியர் ஆலை செய்தது. அந்தப் பேரை 2014 இலை இஸ்லிங்டனிலை திரும்பத் துவங்கி, சிப்பி ஸ்டவுட்டும் காய்ச்சினவை. ஆனா பேரை மட்டும் நம்பாதேங்கோ. மார்ஸ்டன்ஸ் ஆய்ஸ்டர் ஸ்டவுட் எண்டு ஒரு போத்தில் வந்தது, நல்ல பியர்தான், ஆனா அதுக்குள்ளை சிப்பியே இல்லை. சிப்பியோடை சேத்துக் குடிக்கிறதுக்கெண்டு வைச்ச பேர் அது.

இப்ப கணக்குக்கு வருவம். நான் 20 லீற்றர் காய்ச்சி, கொதிக்கிற கடைசிக் கால் மணித்தியாலத்துக்கு முதல் ரண்டு பானையாப் பிரிச்சன். ஒண்டுக்கை ஒரு டசின் சிப்பி, அதின்ரை தண்ணியோடை. மற்றதுக்கை ஒண்டுமில்லை. ஒரு சிப்பிக்குள்ளை 15 மில்லி லீற்றர் தண்ணி எண்டு வையுங்கோ. 12 சிப்பிக்கு 180. கடல் தண்ணியிலை லீற்றருக்கு 30 கிராம் உப்பெண்டாலும் மொத்தம் அஞ்சு கிராமுக்குக் கொஞ்சம் மேலை. அதை 10 லீற்றருக்குப் பிரிச்சால், லீற்றருக்கு அரைக் கிராம். இது உப்பெண்டு நாக்கு கண்டுபிடிக்கிற எல்லைக்குக் கிட்ட, ஆனா தாண்டேல்லை. உப்பு உப்பாத் தெரியாமலே கசப்பைக் குறைக்கும். கோப்பியிலை ஒரு சிட்டிகை உப்புப் போட்டுப் பாத்தவைக்குத் தெரியும். நீங்கள் "கசப்பு உருண்டு மழுங்கிப் போகுது" எண்டு எழுதினதை வாசிச்ச உடனை எனக்கு இந்தக் கணக்குத்தான் ஞாபகம் வந்தது.

சிப்பியிலை குளுட்டமேற்றும் இருக்கு, எலும்புச் சூப்பிலை வாற ருசி மாதிரி. அது நடுவாயை நிரப்பும். ஓட்டைப் பற்றிச் சனம் கனக்கக் கதைக்கும். ஓடு கல்சியம் காபனேற்று, சுண்ணாம்பு. வறுத்த பார்லி புளிப்புத்தன்மை கூட்டும், ஓடு அதைக் கொஞ்சம் தணிக்கும். ஆனா கால் மணித்தியாலத்திலை எவ்வளவு கரையப் போகுது?  

இன்னொண்டு, வழுவழுப்பைச் சிப்பியின்ரை கணக்கிலை போடாதேங்கோ. பப்பிலை குழாயாலை வாற ஸ்டவுட்டுக்குக் கூடுதலா நைதரசன் கலந்துதான் அடிப்பினம். கின்னஸ் 1959 இலை துவக்கி வைச்ச வேலை. அந்தச் சின்னக் குமிழியள்தான் ஆடை மாதிரி நுரையைத் தாறது. எங்கடை இலங்கை லயன் ஸ்டவுட்டைப் போத்திலிலை குடிச்சுப் பாருங்கோ. 8.8 வீதம், சிப்பியுமில்லை நைதரசனுமில்லை, ஆனா சீனிப்பாணி மாதிரி வாயை மூடும்.

இனி நீங்களே சோதிக்கலாம். ஒரே ஸ்டவுட் ரண்டு போத்தில் வாங்குங்கோ. 100 மில்லி லீற்றர் தண்ணியிலை 5 கிராம் உப்புக் கரையுங்கோ. அதிலை 5 மில்லி லீற்றரை ஒரு அரை லீற்றர் பியருக்கை விடுங்கோ. மற்றதுக்கை 5 மில்லி லீற்றர் வெறும் தண்ணி. மூண்டு கிளாஸ், ரண்டு ஒரே மாதிரி, ஒண்டு வேறை. ஊத்துறது வேறை ஆளா இருக்கட்டும். எது வேறையெண்டு சொல்லோணும். ஆறு முறை செய்து அஞ்சு சரியெண்டால் நம்பலாம். நாலு சரியெண்டால் போதாது, சும்மா குத்துமதிப்பாச் சொன்னாலே பத்திலை ஒருமுறை நாலோ கூடவோ சரியா வந்திடும்.

—

கால்வே அடுப்படி எழுதியது:

அக்கா, நான் அயர்லாந்து மேற்குக் கரையில, கால்வேல ஒரு சமையல்கட்டுல வேலை பாக்குறேன். செப்டம்பர்லேர்ந்து ஏப்ரல் வரைக்கும் தினமும் கத்தி வச்சுச் சிப்பி திறக்குறதுதான் என் பாடு. லண்டன் அண்ணன் கணக்கு சரிதான், ஆனா எல்லாத்தையும் உப்புலயே முடிச்சுட்டார்னு எனக்குப் படுது.

இங்க ரெண்டு சாதிச் சிப்பி வருது. ஒண்ணு நீளமா, சொரசொரன்னு, பசிபிக்லேர்ந்து கொண்டுவந்து வளக்குறது. வருஷம் பூரா கிடைக்கும். இனிப்பும் உப்புமா, வெள்ளரிக்கா வாசனை அடிக்கும். இன்னொண்ணு இந்த ஊர்ச் சிப்பி. தட்டையா, வட்டமா, மெதுவா வளரும், குளிர் மாசங்கள்ல மட்டும்தான் எடுப்பாங்க. 1954லேர்ந்து செப்டம்பர் கடைசியில கால்வேல நடக்குற திருவிழாவே இதுக்காகத்தான். உலகம் பூரா இருந்து வந்து 30 சிப்பியை யார் சீக்கிரமா, சுத்தமா திறக்குறாங்கன்னு போட்டி போடுவாங்க. நான் பக்கத்துல நின்னு பாத்திருக்கேன். ஓட்டுத்தூள் ஒரு துணுக்கு சதையில ஒட்டியிருந்தாலும் நேரத்தைக் கூட்டிடுவாங்க.

அந்த ஊர்ச் சிப்பியை மென்னு முழுங்குனா கடைசியில செம்புக்காசு நாக்குல பட்ட மாதிரி இருக்கும். சிப்பி மாதிரி துத்தநாகம் உள்ள சாப்பாடு வேற கிடையாதுங்க. நீங்க சொன்ன உலோக வாடை, நாக்கு ஓரத்துல தங்குறது, எனக்கு அதுதான்னு தோணுது. கொதிக்குறப்ப போட்டா சதை வெந்துரும். வெந்த சிப்பிக்கு அந்தச் செம்பு ருசி இருக்காது, சூப்பு ருசிதான் வரும். குளிர்ந்த தொட்டியில பச்சையா போட்டா நிக்க வாய்ப்பு இருக்கு. இது என் நாக்கு சொல்றது, படிச்சுச் சொல்லலை.

ஒரு வேலை பண்ணுங்க. அடுத்த தடவை அந்த ஸ்டவுட்டைக் கையில வச்சுக் கால் மணி நேரம் குளிர் போகவிடுங்க. சில்லுனு இருக்கும்போது நாக்கு மரத்துப் போயிரும். குளிர் விட்டதும் முதல்ல ரெண்டு வாய் பியர். அப்புறம் ஒரு சிப்பி, எலுமிச்சை பிழியாம, தபாஸ்கோ மிளகாய் சாஸ் ஊத்தாம. அப்புறம் திரும்ப பியர். முதல் ரெண்டு வாயில வந்தது சிப்பிக்குப் பிறகு பெருசாகுதா, காணாம போகுதான்னு பாருங்க. பெருசானா ரெண்டும் ஒரே ருசின்னு அர்த்தம்.

—

பருப்பும் ரசமும் எழுதியது:

ருசி ஒருபுறம் இருக்கட்டும், இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நண்டு, இறால், சிப்பி ஒவ்வாமை உள்ளவர்கள் இந்தப் பியரைத் தொட வேண்டாம். அந்த ஒவ்வாமையைக் கிளப்புவதில் முக்கியமானது டிரோப்போமயோசின் என்ற புரதம். அது சூட்டுக்கு அழியாது. ஆகவே "கொதிக்க வைத்தாகிவிட்டது, ஒன்றும் ஆகாது" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி கட்டாயம் அறிவிக்க வேண்டிய 14 ஒவ்வாமைப் பொருள்களில் சிப்பி வகையும் ஒன்று. கிளாஸில் வாங்கும்போது கேட்டு வாங்குங்கள். என் தம்பிக்கு இறால் ஒவ்வாமை உண்டு. ஒரு விருந்தில் அவன் உதடு வீங்கி மூச்சுத் திணறியதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சைவக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. சிப்பி என்று பெயரிலேயே இருப்பதால் இதைத் தவிர்ப்பது எளிது. பெயரில் ஒன்றும் இல்லாத பியரிலும் மீன் உண்டு. கலங்கலைத் தெளிய வைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பசையைப் போடும் வழக்கம் நெடுநாளாக இருந்தது. நம் கரையோரத்தில் நெட்டி என்று விற்கிறார்களே, அந்தக் காற்றுப்பைதான். கின்னஸ்கூட அந்தப் பசையை விடப்போவதாக 2015இல்தான் அறிவித்தது.

—

அலைவாய்க்கரை எழுதியது:

மூணு பேருக்கும் நன்றி. ஒவ்வாமை விஷயம் எனக்குத் தோணவே இல்லை. அன்னைக்கு எங்க மேசையில யார்கிட்டயும் கேக்காம என் கிளாஸை ருசி பாக்க நீட்டினேன், இனிமே கேட்டுட்டுத்தான் நீட்டுவேன்.

ஞாயித்துக்கிழமை சோதனை பண்ணியாச்சு. அறைத்தோழி ஊத்தினா, நான் சமையலறைக்கு வெளியே நின்னேன். நிறம் பாக்கக் கூடாதுன்னு விளக்கை அணைச்சுட்டோம். ஒவ்வொரு சுத்துக்கும் நடுவுல தண்ணியும் ஒரு துண்டு ரொட்டியும். ஆறுல அஞ்சு சரி. தப்பானது நாலாவது சுத்து, அப்ப நாக்கு களைச்சுப் போயிருந்தது. பத்து நிமிஷம் விட்டுத் தொடர்ந்தோம்.

வல்லைவெளி அண்ணா, நீங்க சொன்னது அப்படியே வந்தது. உப்பு விட்ட கிளாஸ் ஒரு தடவைகூட உப்புக் கரிக்கலை. கசப்பு மட்டும் பாதியில அடங்கிப் போச்சு. எது வேறன்னு நான் கண்டுபிடிச்சதே அந்த அடையாளத்தை வச்சுத்தான்.

ஆனா ஆறு சுத்துலயும் அந்த வால் வரலை. நாக்கு ஓரத்துல தங்கின அது, முழுங்கின பிறகு வந்த அது. உப்பு நடுவாயோட நின்னுபோச்சு.

அதனால புதன்கிழமை அதே பப்புக்குத் தனியாப் போனேன். கால்வே தம்பி சொன்னபடி கிளாஸைக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். குளிர் விட விட முதல்ல சாக்லேட் முன்னாடி வந்தது, அப்புறம் புகை மாதிரி ஒண்ணு. ரெண்டு வாய் குடிச்சேன், வால் இருந்தது, போன தடவையைவிட நீளமா. அங்கே சிப்பி கிடைக்கலை. ஆத்தோரமா நடந்து போய் வேற ஒரு கடையில ஆறு சிப்பி வாங்கினேன், பசிபிக் வகைதான் இருந்தது. எலுமிச்சையை ஓரமா எடுத்து வச்சுட்டு ஒண்ணைச் சாப்பிட்டேன். இனிப்பு, உப்பு, நீங்க சொன்ன வெள்ளரிக்கா. செம்பு இல்லை. நான் தேடுற வால் அது இல்லை.

அப்ப அது ஊர்ச் சிப்பியாத்தான் இருக்கணும், இல்லைன்னா ரெண்டுமே இல்லாத வேற ஏதோ. வல்லைவெளி அண்ணா, பிரிச்சுக் காய்ச்சின அந்த ரெண்டு பானைப் பியர்ல ஏதாவது போத்தல் மிச்சம் இருக்கா? கால்வே தம்பி, செப்டம்பர் கடைசி வாரம் ரயிலுக்குச் சீட்டு எடுத்துட்டேன். இந்த ஸ்டவுட்டு ரெண்டு போத்தல் கொண்டுவரேன். ஊர்ச் சிப்பி ஒரு டசன் எங்கே நல்லா கிடைக்கும்னு மட்டும் சொல்லுங்க.

—

கால்வே அடுப்படி எழுதியது:

வாங்க அக்கா. கிளாரின்பிரிட்ஜ் பக்கம் போகலாம், அங்க கடலும் ஆறும் கலக்குற இடத்துல எடுத்தது. நானே திறந்து தரேன், தண்ணி ஒரு சொட்டு சிந்தாம. போத்தலை மட்டும் ஐஸ்ல வைக்காதீங்க.