துணியின் நிறம் துணியில் இருக்கிறதா, பார்க்கிறவர் கண்ணில் இருக்கிறதா?

சாயப்பட்டறை, திருப்பூர்:

பட்டறை லேப்பில் ஷேடு பார்க்கிற வேலை என்பதால் எனக்கு இது வெறும் தத்துவக் கேள்வி இல்லை. பனியனின் உடல் பகுதிக்கான பாடி துணியும் கழுத்துப் பட்டிக்கான காலர் ரிப்பும் டியூப்லைட் வெளிச்சத்தில் ஒரே நேவி, வெயிலில் கொண்டுபோய் வைத்தால் ரிப் மட்டும் சிவப்படிக்கிறது. லைட் பாக்ஸில் பகல் வெளிச்சத்துக்கான டி65 போட்டால் ஒரு தீர்ப்பு, கடை விளக்குக்கான டிஎல்84 போட்டால் இன்னொரு தீர்ப்பு. துணி அதேதான், சாயம் அதேதான், பார்க்கிற ஆளும் அதே ஆள்தான்.

காரணம் தெரிந்ததுதான். துணியிலிருந்து வருகிற ஒளியில் ஒவ்வொரு அலைநீளமும் எவ்வளவு என்பது பெரிய கணக்கு, நம் கண்ணில் இருக்கிற மூன்று வகைக் கூம்பு செல்கள் அதை மூன்றே எண்களாகச் சுருக்கிவிட்டு மீதியை விட்டுவிடுகின்றன. வேறு வேறு சாயக் கலவைகள் அந்த மூன்று எண்களில் ஒத்துப்போனால் போதும், மூளை ஒரே நிறம் என்று சொல்லிவிடும். ஆகவே நிறம் துணியில் இல்லை என்கிறேன். இன்னும் ஒரு படி மேலே போய், நாம் பார்ப்பது எதுவுமே வெளியே இருக்கிறபடி இல்லை, உயிர் பிழைக்க எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் நமக்குக் கிடைக்கிறது என்றும் சொல்கிறேன். மறுக்கிறவர்கள் மறுத்து எழுதுங்க.

இயற்பியல் வாத்தியார், பெருந்துறை:

தம்பி, முதல் பாதி சரி. அதிலிருந்து இரண்டாவது பாதிக்குத் தாவியதுதான் சரியில்லை. உங்கள் லேப்பிலேயே ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் இருக்குமே. அது 400 நானோமீட்டரிலிருந்து 700 வரை பத்துப் பத்தாக அளந்து 31 எண்களைத் தருகிறது. எந்த அலைநீளத்தைத் துணி எவ்வளவு திருப்பி அனுப்புகிறது என்கிற அந்த வளைகோடு விளக்கைப் பொறுத்ததில்லை, பார்க்கிறவரைப் பொறுத்ததும் இல்லை. பாடியின் கோடும் ரிப்பின் கோடும் வேறு என்று மெஷின் முதலிலேயே காட்டிவிடும். டியூப்லைட்டில் உங்கள் கண்ணுக்கு அது தெரியாமல் போனதற்குக் காரணம், கண் அந்த வேறுபாட்டை அளக்கவில்லை என்பதுதான். கண் ஏமாந்துவிட்டது என்று சொல்கிறீர்களே, எதை வைத்துச் சொல்கிறீர்கள்? சரியானது இன்னது என்று தெரிந்ததால்தானே?

சாயப்பட்டறை:

சார், மெஷின் அந்த 31 எண்ணோடு நிற்பதில்லையே. பையர் கேட்பது டெல்டா ஈ, அதாவது இரண்டு நிறம் கண்ணுக்கு எவ்வளவு விலகித் தெரியும் என்கிற ஒற்றை எண். அதைக் கணக்குப் போட சராசரி மனிதக் கண் என்று ஓர் அட்டவணை வேண்டும். 1931இல் ஒளிக்கும் நிறத்துக்கும் அளவு வகுக்கிற சர்வதேச அமைப்பான சிஐஇ வகுத்த முதல் அட்டவணை, இங்கிலாந்தில் ரைட் 10 பேரையும் கில்ட் 7 பேரையும் வைத்துச் செய்த சோதனைகளிலிருந்து வந்தது. மொத்தமே 17 பேர். 1964இல் இன்னும் அகலமான பார்வைக் கோணத்துக்கு, கூடுதல் ஆட்களை வைத்து இன்னொன்று வந்தது, எங்கள் தொழிலில் இப்போது அதுதான் அதிகம் ஓடுகிறது. எப்படிப் பார்த்தாலும் மெஷினுக்குள்ளேயும் மனிதக் கண் உட்கார்ந்திருக்கிறது.

அப்புறம், விளக்கைப் பொறுத்ததில்லை என்பது வெள்ளைத் துணியில் நிற்காதுங்க. வொயிட்னர் போட்ட பனியன் துணி புற ஊதாவை வாங்கிக்கொண்டு நீலமாகத் திருப்பித் தருகிறது. 440 நானோமீட்டர் பக்கத்தில் 100 சதவீதத்துக்கு மேலே காட்டும். மெஷின் விளக்கில் புற ஊதா எவ்வளவோ அதற்குத் தக்கபடி நீங்கள் நம்புகிற அந்தக் கோடே ஏறி இறங்கும்.

இயற்பியல் வாத்தியார்:

வெள்ளைத் துணி நல்ல கேள்வி. ஆனால் அதற்கும் வழி இருக்கிறது. எந்த அலைநீளம் உள்ளே போனால் எந்த அலைநீளம் எவ்வளவு வெளியே வருகிறது என்று ஒவ்வொன்றாக அளந்து பெரிய அட்டவணையாகப் போட்டுவிடலாம், அது விளக்கு மாறினாலும் மாறாது. டெல்டா ஈ மனிதனைப் பற்றிய எண் என்பதை ஒத்துக்கொள்கிறேன், வாங்கி உடுத்துகிறவர் மனிதர் என்பதால் அது அப்படித்தான் இருக்க வேண்டும். எது துணியைப் பற்றியது, எது கண்ணைப் பற்றியது என்று இரண்டையும் பிரித்து எழுத நமக்குத் தெரிந்திருக்கிறதே, நாம் கண்ணுக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கவில்லை என்பதற்கு அதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

அவினாசி ரோடு:

இவ்வளவு நீட்ட வேண்டாம். பார்க்கிறவன் இல்லாமல் பொருளே இல்லை என்று குவாண்டம் இயற்பியல் எப்போதோ காட்டிவிட்டது. துகள்களை இரண்டு சிறு பிளவுகள் வழியாக அனுப்புகிற இரட்டைப் பிளவுச் சோதனையில் பார்த்தால் துகள், பார்க்காவிட்டால் அலை. மனம்தான் உலகத்தை உண்டாக்குகிறது.

இயற்பியல் வாத்தியார்:

இல்லைங்க, இதை மட்டும் விட்டுவிட முடியாது. அங்கே பார்ப்பது என்றால் மனம் என்று எந்தச் சமன்பாட்டிலும் இல்லை. வியன்னாவில் சைலிங்கர் குழு 1999இல் 60 கரியணு கொண்ட மூலக்கூறுகளையே அலைபோல் நடக்க வைத்துக் காட்டியது. 2004இல் அதே குழுவினர் 70 கரியணு மூலக்கூறுகளை நன்றாகச் சூடாக்கி அனுப்பினார்கள். சூடேறிய மூலக்கூறு போகிற வழியிலேயே வெப்ப ஒளியை உமிழ்ந்தது, அந்த ஒளி மூலக்கூறு எந்த வழியாகப் போனது என்கிற தகவலை வெளியே கொண்டுபோனது, அலைப் பட்டைகள் மங்கி மறைந்தன. அந்த ஒளியை யாரும் பிடிக்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை. தகவல் சுற்றுப்புறத்துக்குக் கசிந்தால் போதும். ஒரு துகளின் இடத்தையும் உந்தத்தையும் ஒருசேரத் துல்லியமாக அறிய முடியாது என்று 1927இல் ஹைசன்பர்க் சொன்ன வரம்பும் அப்படித்தான், அது மனிதனுக்கும் கருவிக்கும் கல்லுக்கும் ஒன்றே.

கோழிப்பண்ணை, நாமக்கல்:

தம்பிக்கு ஆதரவாக ஒன்று சொல்கிறேன். முட்டைக்கோழிக்கு நாங்கள் 16 மணி நேரம் வெளிச்சம் கொடுக்கிறோம். நம் ஊரில் பகல் எப்போதும் 12 மணி நேரத்தை ஒட்டியேதான் இருக்கும், மீதிக்கு பல்பு. அந்த வெளிச்சம் கோழிக்குக் கண் வழியாக மட்டும் போவதில்லை. மண்டையோட்டைத் தாண்டி மூளைக்குள்ளேயே ஒளி உணர்கிற செல்கள் இருக்கின்றன, சிவப்பு வெளிச்சம்தான் அவ்வளவு ஆழம் நன்றாக இறங்கும். 1930களிலேயே பிரான்சில் பென்வா என்பவர் கண்ணை எடுத்துவிட்ட வாத்துகளிலும் வெளிச்சத்தால் இனப்பெருக்க உறுப்பு வளர்வதைக் காட்டினார். ஆக கோழி எதையும் பார்த்து முடிவு செய்யவில்லை, அதன் உடம்பே பகல் நீண்டிருக்கிறது, குஞ்சு பொரிக்கிற காலம் என்று முடிவு கட்டிவிடுகிறது. பல்பு என்றும் பண்ணை என்றும் அதற்குத் தெரியாது. இத்தனைக்கும் கண்ணில் நிறம் பார்க்க நான்கு வகைக் கூம்பு செல்கள், நம்மைவிட ஒன்று அதிகம்.

சாயப்பட்டறை:

நான் சொல்ல வந்தது இதுதாங்கண்ணா. உண்மை தெரியாமலே உடம்பு சரியாக வேலை செய்கிறது. பரிணாமத்துக்கு முட்டை வேண்டும், உண்மை வேண்டாம்.

இயற்பியல் வாத்தியார்:

அவசரப்படாதீர்கள். பகல் நீண்டால் காலம் மாறுகிறது என்பது பல லட்சம் ஆண்டுகளாக உண்மையாகவே இருந்தது, அதனால்தான் அந்தச் செல்கள் நிலைத்தன. கோழியின் உடம்பு வானத்தைச் சரியாகவே படித்துக்கொண்டிருந்தது, நாம்தான் நடுவில் பல்பைக் கட்டினோம். வெளியே இருப்பதோடு சம்பந்தமே இல்லாத புலன் எதற்கும் பயன்படாது, பிழைக்கவும் விடாது.

முத்தோரை (ஊர் கோபி):

இரண்டு பக்கமும் இரண்டு வேறு வரம்புகளைப் போட்டுக் குழப்புகிறீர்கள் என்று நினைக்கிறேன். ஓர் உயிர் தன் தேவைக்காக விட்டுவிடுவது ஒன்று. எந்த உயிருக்கும் எந்தக் கருவிக்கும் கிடைக்கவே கிடைக்காதது இன்னொன்று. இரண்டாவதைப் பற்றி சார் ஹைசன்பர்க் என்று ஒரு வரி சொன்னதோடு சரி.

நான் இப்போது இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில்தான் ஊட்டி ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. ரேடியோ வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டி 1970இல் முடித்தது, 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். மலைச்சரிவு அந்த இடத்தின் அட்சரேகை அளவுக்கு, சுமார் 11 பாகை சாய்ந்திருப்பதால் அதன் நீள அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. ஆனால் அது வாங்குகிற அலையின் நீளம் 92 சென்டிமீட்டர். எவ்வளவு நுணுக்கமாகப் பார்க்க முடியும் என்பதை அலைநீளத்தைக் கருவியின் அகலத்தால் வகுத்துத்தான் சொல்ல முடியும். வகுத்தால் நீளவாக்கில் பாகையில் பத்தில் ஒரு பங்கு வருகிறது. நம் வெறும் கண் பாகையில் அறுபதில் ஒரு பங்கைப் பிரிக்கும். அரை கிலோமீட்டர் கருவி கண்ணைவிட மங்கலாகப் பார்க்கிறது.

தேனீயும் இதே கணக்கில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது. கூட்டுக்கண்ணில் ஒரு லென்ஸின் அகலம் ஒரு மில்லிமீட்டரின் நாற்பதில் ஒரு பங்கு, அதனால் பாகை ஒன்றுக்குக் கீழே பிரித்துப் பார்ப்பது அதற்குப் பெரும்பாடு. நம் அளவு கூர்மை வேண்டுமென்றால் அதன் கண் ஒரு மீட்டராவது அகலமாக இருக்க வேண்டும். தேவை இருந்தாலும் பரிணாமத்தால் தர முடியாது.

ஸ்வரூப் குழு என்ன செய்தார்கள் தெரியுமா, நிலாவைப் பயன்படுத்தினார்கள். தூரத்து ரேடியோ மூலத்தை நிலாவின் விளிம்பு மறைக்கும்போது சிக்னல் எப்படித் தேய்கிறது என்று பதிவு செய்தால், அதிலிருந்து பாகையில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு உருவத்தைக் கணக்கிட்டு எடுக்கலாம். அந்தத் தொலைநோக்கியைக் கட்டிய முக்கிய நோக்கமே இதுதான். கவனியுங்கள், யாரும் அந்த உருவத்தைப் பார்க்கவில்லை. தேய்மானத்தை வைத்து ஊகித்தார்கள். வரம்புக்குப் பக்கத்தில் போனால் ஊகம் இல்லாத பார்வையே கிடையாது என்பது என் கருத்து.

கோழிப்பண்ணை, நாமக்கல்:

அம்மிணி, அருமையாகச் சொன்னீங்க. நிலா மறைப்பதை வைத்து அளப்பது நான் கேள்விப்படாதது.

சாயப்பட்டறை:

அக்கா சொன்ன கடைசி வரியைப் பிடித்துக்கொள்கிறேன். மங்கிய வெளிச்சத்தில் பார்க்க உதவுகிற கண்ணின் கோல் செல், ஒளியின் மிகச் சிறிய பொட்டலமான ஒற்றை ஃபோட்டானுக்கே அசைந்துகொடுக்கும். 1942இல் ஹெக்ட், ஷ்லேர், பிரென் மூவரும் இருட்டில் ஆட்களை உட்கார வைத்துச் செய்த சோதனையில் 5 முதல் 14 ஃபோட்டான் உறிஞ்சப்பட்டாலே வெளிச்சம் தெரிந்துவிடுகிறது என்று கண்டார்கள். இதற்கு மேல் நுணுக்கமாகப் போக இடமே இல்லை, கண் இயற்பியலின் ஓரத்தில் நிற்கிறது. ஆனால் அதே கோல் செல்லில் இருக்கிற மூலக்கூறு உடம்புச் சூட்டாலேயே எப்போதாவது தானாகப் புரண்டுவிடும், ஒளி பட்டதுபோலவே அதே சிக்னலை அனுப்பும். செல்லுக்கு இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. வெளிச்சம் வந்ததா, சூட்டில் வந்த பொய்யா என்று யார் முடிவு செய்வது? பின்னால் இருக்கிற நரம்பு மண்டலம்தான், பல கோல் செல்களின் கணக்கைச் சேர்த்துப் பார்த்து இவ்வளவுக்கு மேல் இருந்தால் வெளிச்சம் என்று ஒரு கோடு போடுகிறது. ஆகவே பார்த்துவிட்டுப் பிறகு பொருள் கொள்கிறோம் என்பது தவறு. பார்ப்பதே ஒரு தீர்ப்பு. இதை மறுக்க முடியாது சார்.

இயற்பியல் வாத்தியார்:

மறுக்கவில்லை, எந்தக் கருவிக்கும் அந்தக் கோடு உண்டு. ஆனால் தீர்ப்பு என்பதாலேயே அது தன் விருப்பத்துக்கு எழுதினது ஆகிவிடாது. 2015 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவில் லைகோ ஆய்வகத்தின் இரண்டு கருவிகள், வெளியையே நீட்டிச் சுருக்கிக்கொண்டு வருகிற ஈர்ப்பலையைப் பிடித்தன. 4 கிலோமீட்டர் நீளக் கையில் ஏற்பட்ட மாற்றம் ஒரு புரோட்டான் அகலத்தின் நூறில் ஒரு பங்குக்கும் வெகு குறைவு. ஒரு கருவி மட்டும் இருந்தால் உங்கள் கோல் செல் கதைதான், சத்தமா சிக்னலா என்று தெரியாது. ஆனால் 3000 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற இரண்டிலும் 7 மில்லிவிநாடி இடைவெளியில் ஒரே வடிவம் வந்தது. ஒரு கருவியின் சூடும் அதிர்வும் இன்னொன்றுக்குத் தெரியாது.

சாயப்பட்டறை:

இரண்டு கருவியையும் கட்டினவர்கள் ஒரே ஆட்கள், தேடினதும் ஐன்ஸ்டைன் கணக்குச் சொன்ன வடிவத்தைத்தானே. எதிர்பார்த்ததைத்தான் கண்டார்கள்.

முத்தோரை:

அது அப்படி நடக்கவில்லை தம்பி. அன்றைக்கு முதலில் கண்டுபிடித்தது குறிப்பிட்ட வடிவத்தைத் தேடாமல், இரண்டிலும் ஒத்து வருகிற எந்தத் துடிப்பையும் பொதுவாகத் தேடுகிற நிரல். தரவு வந்து மூன்று நிமிடத்துக்குள் அது எச்சரிக்கை கொடுத்துவிட்டது. கணக்கோடு ஒப்பிட்டது அதற்குப் பிறகுதான்.

சாயப்பட்டறை:

சரிங்கக்கா, அந்த வாதத்தை எடுத்துக்கொள்கிறேன். ஆனால் இன்னொன்று நிற்கிறது. கோழியின் நான்காவது கூம்பு செல் எந்த அலைநீளத்துக்கு எவ்வளவு அசையும் என்று அளந்துவிடலாம். அந்த நான்கு எண்ணும் சேர்ந்து கோழிக்கு என்ன நிறமாகத் தெரிகிறது என்பதை எந்த ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரும் சொல்லாது. அதுவும் உலகத்தில் நடக்கிற ஒன்றுதானே? உங்கள் அளவுகளின் பட்டியலில் அதற்கு இடம் எங்கே?

இயற்பியல் வாத்தியார்:

இடம் இல்லை என்று நான் சொல்லவே இல்லையே. ஆனால் அது கோழிக்குள் நடப்பதைப் பற்றிய கேள்வி. நீங்கள் ஆரம்பித்தது துணியைப் பற்றி, வெளியே இருப்பது நமக்குத் தெரியவே தெரியாது என்று. உள்ளே நடப்பது தெரியவில்லை என்பதைக் காட்டி வெளியே இருப்பது தெரியாது என்று நிறுவ முடியாது. அந்த பாடி, ரிப் இரண்டின் 31 எண்களையும் இங்கே போடுங்கள், எந்த விளக்கில் பிரியும், எந்த விளக்கில் சேரும் என்று துணியைப் பார்க்காமலே சொல்கிறேன்.