ஸ்ட்ரேஞ்ச் டூவாலிட்டி: பரிமாணங்கள் சமமாக இருந்தால் போதாதா?

கேள்வி:
ஓர் இயற்கணித வளைவரையின் மீது, டிட்டர்மினன்ட் டிரிவியலாக உள்ள தரம் 2 வெக்டர் பண்டில்களின் (வளைவரையின் ஒவ்வொரு புள்ளியிலும் ஓர் இருபரிமாண வெக்டர் வெளியை ஒட்டிய அமைப்புகளின்) மாடுலை வெளியை, அதாவது ஒவ்வொரு பண்டிலும் ஒரு புள்ளியாக அமையும் வெளியை, எடுத்துக்கொண்டு, அங்குள்ள டிட்டர்மினன்ட் லைன் பண்டிலின் 3ஆம் அடுக்குக்குரிய செக்சன்களைப் பார்த்தால், அவை தரம் 3 பண்டில்களின் மாடுலை வெளியில் தீட்டா டிவைசரின் (செக்சன் உள்ள பண்டில்கள் அமையும் டிவைசரின்) இருமடங்குக்குரிய செக்சன்களுக்கு டூயலாக அமைகின்றன என்றும், இதுவே ஸ்ட்ரேஞ்ச் டூவாலிட்டி என்றும் படித்தேன். இரு பக்கப் பரிமாணங்களும் சமம் என்பதை செக்சன் வெளிகளின் பரிமாணத்தைக் கணக்கிடும் வெர்லிண்டே சூத்திரமே தந்துவிடும்போது, மேலும் நிறுவ என்ன இருக்கிறது? கையால் சரிபார்க்கத்தக்க எடுத்துக்காட்டு ஏதேனும் உண்டா?

மறுமொழி 1:
சம பரிமாணமுள்ள எந்த இரு வெளிகளையும் ஏதோ ஒரு வகையில் இணைத்துவிடலாம். இங்கே கேள்வி, வடிவியல் தானாகவே தரும் ஒரு குறிப்பிட்ட கோப்பு (map) ஐசோமார்பிசமா என்பதுதான். தரம் 2 பண்டிலையும் தரம் 3 பண்டிலையும் டென்சர் பெருக்கம் செய்தால், படிகள் பொருத்தமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருப்பதால், ஆய்லர் பண்பெண் (h⁰ − h¹) 0 ஆகிறது. ஆகவே பொதுவான இணைக்குச் செக்சன் கிடையாது. செக்சன் உள்ள இணைகள் பெருக்கல் வெளியில் ஒரு டிவைசராக அமைந்து, அந்தக் கோப்பைத் தருகின்றன.

லெவல் 1இல், அதாவது லைன் பண்டிலின் முதல் அடுக்கில், இது ஐசோமார்பிசம் என்பதை போவில், நரசிம்மன், ரமணன் மூவரும் 1989இல் ஸ்பெக்ட்ரல் வளைவரைகளை (மூல வளைவரையை மூடும், பண்டில்களை லைன் பண்டில்களாக மாற்றித் தரும் வளைவரைகளை) கொண்டு நிறுவினர். பொது நிலைக்கு மரியன், ஓப்ரியா இருவரின் நிறுவலில் எனக்கு மிகவும் பிடித்த கருத்து இது: ஒரே பண்டிலின் சப்பண்டில்களையும் அவற்றுக்குரிய கோஷண்ட்களையும் வரிசைப்படுத்துங்கள். ஒன்றின் சப்பண்டிலிலிருந்து வேறொன்றின் கோஷண்டுக்குச் செல்லும் கோப்பு பூச்சியமாகாது. தன் கோஷண்டுக்கே செல்லும் கோப்புகளோ, கோட் ஸ்கீமில் (அந்தப் பண்டிலின் கோஷண்ட்கள் புள்ளிகளாக அமையும் வெளியில்) அந்தப் புள்ளியின் தொடுவெளியாகும். புள்ளி தனித்தும் குறைக்கப்பட்டும் இருப்பதால் அது பூச்சியம். பூச்சியமல்லாத கோப்பு என்பது செக்சனே; அது இருக்கும் இணையில் மேற்கண்ட டிவைசரின் சமன்பாடு பூச்சியமாகும், இல்லாத இணையில் ஆகாது. எனவே இம்மதிப்புகளை அடுக்கினால் கிடைக்கும் அணி மூலைவிட்ட அணி. இத்தகைய இணைகள் போதிய அளவில் உள்ளனவா என்பதை கோட் ஸ்கீமின் புள்ளிகளை எண்ணும் வாஃபா–இன்ட்ரிலிகேட்டர் சூத்திரம் சொல்கிறது.

மறுமொழி 2:
எடுத்துக்காட்டுக்கு ஜீனஸ் 2 வளைவரை போதும். தரம் 2 வெளி முப்பரிமாண வீழ்ப்புவெளியே என்று நரசிம்மனும் ரமணனும் 1969இல் காட்டினர். அதில் முப்படிப் பல்லுறுப்புக்கோவைகளின் பரிமாணம் 20. மறுபக்கத்தில், டிட்டர்மினன்ட் நிலையான தரம் 3 வெளி, எட்டுப் பரிமாண வீழ்ப்புவெளியின் மீது, ஆறாம் படிப் பரப்பில் கிளைக்கும் இரட்டை மூடலாகும். இருபடிச் செக்சன்கள் 45. டிட்டர்மினன்டைத் தளர்த்தினால் ஜாக்கோபியன் (படி 0 லைன் பண்டில்களின் வெளி) பக்கத்திலிருந்து 36 பெருக்கலாக வருகிறது. 3-டார்சன் புள்ளிகள் 81 என்பதால் அதனால் வகுக்க வேண்டும். 45 × 36 ÷ 81 = 20; விடை 20தான்.

மறுமொழி 3:
பெல்கலே முதலில் பொதுவான வளைவரைக்கே நிறுவினார். வளைவரையை மாற்றும்போது செக்சன் வெளிகளை ஒன்றோடொன்று ஒப்பிட உதவும் ஹிச்சின் இணைப்பு, ஒரு ஸ்கேலர் காரணியைத் தவிர்த்தால், தட்டையாக இருக்கிறது. இந்தக் கோப்பும் அதற்கு இசைவானது என்று அவர் பின்னர் காட்டியதால், கோப்பின் தரம் மாறாமல், முடிவு எல்லா வளைவரைகளுக்கும் பரவுகிறது.