பேரலல் போர்ட்டை நேரடியாகத் தொடும் டர்போ சி நிரலை விண்டோஸ் 11-க்குக் கொண்டுவருவது எப்படி?

லாஜிக்கேட் (கேள்வி):
எக்ஸ்-ஒய் மேஜை ஒன்றை ஓட்டும் டாஸ் நிரல், டர்போ சி-யில் எழுதியது. பேரலல் போர்ட்டின் 378 ஹெக்ஸ் முகவரியில் எழுதி இரண்டு ஸ்டெப்பர் டிரைவர்களுக்கு (படிப்படியாகச் சுழலும் மோட்டாரை ஓட்டும் சர்க்யூட்) ஸ்டெப், டைரக்‌ஷன் சிக்னல் கொடுக்கிறது. 379-இல் நான்கு லிமிட் ஸ்விட்சுகளை (மேஜை எல்லையைத் தொட்டதும் காட்டுபவை) படிக்கிறது. அளவுக்கருவி ஒன்று ஆர்எஸ்-232 வழியாக 9600 பாட் வேகத்தில் இணைந்திருக்கிறது. சோர்ஸ் முழுதும் கையில் உண்டு, பழைய கணினியும் இன்னும் ஓடுகிறது. புதுக் கணினியில் பேரலல் போர்ட் இல்லை. சி ஷார்ப்பில் எழுதிக்கொண்டு, யூஎஸ்பி-பேரலல் கேபிள் போட்டால் போதுமா? ஸ்ட்ரக்டை (பல மதிப்புகள் சேர்ந்த பதிவை) அப்படியே எஃப்ரைட் (fwrite) செய்து சேமித்த பழைய கோப்புகளையும் திறக்க வேண்டும்.

பிட்மாஸ்க்:
அந்தக் கேபிள் உதவாது. விண்டோஸ் அதைப் பிரிண்டராகத்தான் பார்க்கும். 378 என்ற முகவரியே அங்கு கிடையாது. பிசிஐ எக்ஸ்பிரஸ் பேரலல் கார்டும் போர்ட் முகவரியை விண்டோஸிலிருந்து தொடவிடும் இன்பவுட்எக்ஸ்64 டிஎல்எல்லும் சேர்ந்தால் வேலை நடக்கும். கார்டின் முகவரி வேறாக இருக்கும், டிவைஸ் மேனேஜரில் ரிசோர்சஸ் பக்கத்தில் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் ஸ்டெப்பருக்கு இந்த வழியை நான் சொல்ல மாட்டேன்.

காரணம் நேரக்கணக்கு. டாஸில் சிபியு முழுதும் உங்கள் நிரலுக்கே. விண்டோஸில் ஸ்லீப்(1) என்று எழுதினால் 15.6 மில்லிசெகண்ட் வரைகூட இழுக்கலாம். டைமர் இடைவெளியைச் சுருக்கும் டைம்பிகின்பீரியட்(1) போட்டால் குறையும், என்றாலும் நடுவில் வேறு வேலை புகுந்தால் பல்ஸ் தடைபடும். வேகத்தில் ஓடும் மோட்டார் அங்கே ஸ்டெப்பைத் தவறவிடும். என்கோடர் (உண்மையான இடத்தை அளக்கும் சென்சார்) இல்லாத மேஜையில் அது யாருக்கும் தெரியாது, அளவு மட்டும் தப்பாக வரும்.

பல்ஸ் உருவாக்குவதை மைக்ரோகன்ட்ரோலரிடம் விட்டுவிடுங்கள். கணினி "எக்ஸ் அச்சில் 1200 ஸ்டெப்" என்று மட்டும் சொல்லட்டும். வேகம் ஏற்றுவதும் இறக்குவதும் லிமிட் ஸ்விட்ச் பார்ப்பதும் போர்டின் பொறுப்பு. ஆர்டுயினோ யூனோ 5 வோல்ட் என்பதால் பழைய டிரைவருக்கு நேராகவே பொருந்தும். ராஸ்பெரி பை பைக்கோ என்றால் 3.3 வோல்ட், நடுவில் 74ஹெச்சிடி245 (சிக்னலை 5 வோல்ட்டுக்கு ஏற்றும் சிப்) வையுங்கள். ஹெச்சி வகை வேண்டாம், 5 வோல்ட் சப்ளையில் அதன் உள்ளீட்டுக்கு 3.5 வோல்ட் தேவைப்படும்.

பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று: பேரலல் போர்ட்டின் 11-ஆம் பின் (பிஸி) வன்பொருளிலேயே தலைகீழாக வரும். அதைச் சரிக்கட்டப் பழைய நிரலில் 80 ஹெக்ஸோடு எக்ஸார் செய்து அந்த பிட்டைத் திருப்பியிருப்பார்கள். அந்த வரியை அப்படியே யூனோவுக்கு நகலெடுத்தால் ஒரே ஒரு ஸ்விட்ச் மட்டும் எதிர்மாறாக வேலை செய்யும், மேஜை அந்தப் பக்கம் போய் முட்டும். ஸ்விட்சுகளை நார்மலி குளோஸ்டாக (தொடாதபோது மூடியிருக்கும்படி) கிரவுண்டுக்கு இணைத்து, இன்புட் புல்லப் (இணைப்பு விட்டால் பின்னை உயர் நிலைக்கு இழுக்கும் அமைப்பு) போடுங்கள். வயர் அறுந்தாலும் மோட்டார் நின்றுவிடும்.

சீரியல்பஃபர்:
மோட்டார் பக்கம் மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். அளவுக்கருவிக்கு வருவோம். பழைய சோர்ஸில் 3எஃப்சி முகவரிக்கு என்ன மதிப்பு எழுதுகிறது என்று முதலில் பாருங்கள் (காம்1 என்றால்). அதில் 0, 1 பிட்டுகள் டிடிஆர், ஆர்டிஎஸ் என்ற கட்டுப்பாட்டு லைன்கள். பல அளவுக்கருவிகளின் இணைப்பு, மின்சாரத்தையே இந்த இரண்டு லைன்களிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். டாட்நெட் சீரியல்போர்ட்டில் இரண்டும் இயல்பாக ஆஃப். அதனால் பாட், பாரிட்டி எல்லாம் சரியாக இருந்தும் கருவி வாயே திறக்காது.

ரீட்லைன் போன்றவற்றைத் தவிர்த்து பைட்டுகளாகவே படியுங்கள். இயல்பான ஆஸ்கி என்கோடிங், 127-க்கு மேற்பட்ட ஒவ்வொரு பைட்டையும் கேள்விக்குறியாக்கிவிடும். டேட்டா ரிசீவ்ட் நிகழ்வு வந்தால் முழுச் செய்தியும் வந்துவிட்டது என்று எண்ணக் கூடாது. முடிவுக்குறி வரும்வரை பஃபரில் சேர்க்க வேண்டும்.

கோப்புகள்: டர்போ சி-யில் இன்ட் 2 பைட், லாங் 4 பைட். 20 எழுத்துப் பெயர், ஒரு இன்ட், மூன்று ஃப்ளோட் என்றால் பதிவு 34 பைட். சி ஷார்ப்பில் இன்டை ஷார்ட்டாக மாற்றினாலும் இடைவெளி சேர்ந்து 36 ஆகும். இடைவெளியை நீக்கும் பேக் 1 போட்டால்தான் 34. கோப்பின் அளவு 34-ஆல் மீதியின்றி வகுபடாவிட்டால், டெக்ஸ்ட் மோடில் எழுதியிருக்கிறார்களா என்று சந்தேகப்படுங்கள். அதில் 0ஏ பைட் ஒவ்வொன்றுக்கும் முன்னால் 0டி நுழைந்திருக்கும்.

லாஜிக்கேட்:
நன்றி. பல்ஸ் இடைவெளி சோர்ஸில் வெறும் ஃபார் லூப்பாக இருக்கிறது. மில்லிசெகண்ட் கணக்கு எங்குமே இல்லை.

பிட்மாஸ்க்:
அப்படியானால் அந்த எண்களால் பயனில்லை. அவை அந்த சிபியு வேகத்துக்குச் சரிசெய்தவை. லாஜிக் அனலைசரை (சிக்னல்களை நேரத்தோடு பதிவு செய்யும் கருவி) 25 பின் கனெக்டரில் ஸ்டெப் வரும் பின்னிலும் 18-ஆம் பின்னிலும் (கிரவுண்ட்) மாட்டி, ஒரு முழு நகர்வைப் பதிவு செய்யுங்கள். பல்ஸ் அகலம், தொடக்க வேகம், உச்ச வேகம், ஸ்டெப்புக்கு முன் டைரக்‌ஷன் மாறும் இடைவெளி, நான்கையும் குறித்துக்கொண்டு யூனோவில் அதே மதிப்புகளை வையுங்கள். பழைய கணினி ஓடும்போதே இதை எடுத்துவிடுங்கள், புது நிரலில் ஒரு வரி எழுதும் முன்பே.