ஊசிக்கு முன்னால் ஐந்து நிமிஷம்

குழந்தைகள் பிரிவு செவிலியர், நெல்லைப் பக்கம்:

ஒன்றரை வயசு பூஸ்டருக்கு வருகிற பிள்ளையின் வளர்ச்சியை ஊசிக்கு முன்னாலேயே பார்த்துவிட வேண்டும். ஊசி போட்ட கையோடு பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எந்தப் பிள்ளைதான் திரும்பும்? புதன்கிழமைக் கூட்டத்தில் இதெல்லாம் நடக்காது என்பார்கள். எடை பார்க்கிற வரிசையிலேயே பாதி முடிந்துவிடும். நடந்து வருகிறதா, அம்மா முகத்தை நிமிர்ந்து பார்க்கிறதா, என் சட்டைப்பையில் இருக்கிற பேனாவுக்குக் கை நீட்டுகிறதா, அவ்வளவுதான்.

வளர்ச்சியைப் பார்க்க நாங்கள் வைத்திருப்பது திருவனந்தபுரம் சார்ட். இரண்டு வயசு வரைக்கும் 17 விஷயங்கள், ஒவ்வொன்றுக்கும் மாதக் கணக்கில் ஒரு கோடு. குழந்தையின் மாதக் கணக்கில் ஒரு பென்சிலைச் செங்குத்தாக வைத்தால், அதற்கு இடப்பக்கமே முடிந்துபோன கோடுகளில் உள்ளதை எல்லாம் பிள்ளை செய்ய வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் மேலே அனுப்ப வேண்டும். சார்ட் சுலபம், கேள்வி கேட்பதுதான் கஷ்டம். "பேசுறானா?" என்றால் எல்லா அம்மாவும் "பேசுறான் சிஸ்டர்" என்பார்கள். அதனால் "பசிச்சா எப்படிக் கேப்பான்?" என்று கேட்பேன்.

அப்படிக் கேட்டபோது ஒரு அம்மா, "என் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் டப்பா மேல வைப்பான்" என்றார். பையனுக்கு இருபது மாதம். கூட வந்த ஆச்சி விடவில்லை. "இவன் அப்பனும் மூணு வயசுலதான் வாயத் தொறந்தான். வசம்பைச் சுட்டு நாக்குல தடவுனா சரியாப் போயிரும்."

ஆச்சியிடம் வாதம் செய்து ஜெயிக்க முடியாது. ஜெயித்தாலும் அடுத்த முறை பிள்ளையைக் கூட்டி வர மாட்டார்கள். "நாக்குல எதுவும் தடவ வேண்டாம் ஆச்சி, காது கேக்குதான்னு மட்டும் பாத்துட்டு வந்துருங்க" என்று எழுதிக் கொடுத்தேன். வீட்டில் முதுகுக்குப் பின்னால் கைதட்டிப் பார்த்து, திரும்புகிறான் என்று திருப்தியாக இருந்திருக்கிறார்கள். காற்று பட்டாலும் நிழல் ஆடினாலும் பிள்ளை திரும்பும். சத்தத்துக்குக் காது நரம்பும் மூளையும் பதில் தருகிறதா என்று பார்க்கும் பெரா டெஸ்டில் இரண்டு காதிலும் கடுமையான குறைபாடு என்று வந்தது. முதலில் காது மெஷின், அப்புறம் முதலமைச்சர் காப்பீட்டில், உள்காதில் கருவி பொருத்தும் காக்ளியர் அறுவை சிகிச்சை. அந்தத் திட்டத்துக்கு ஆறு வயசுக்குள் இருக்க வேண்டும். ஆனால் பேச்சைப் பழகுவதற்கு முதல் மூன்று வருஷம்தான் முக்கியம், அதனால் ஆறு வரைக்கும் இழுக்கக் கூடாது. இப்போது ஆச்சியையே பெயர் சொல்லிக் கூப்பிடுகிறானாம். ஆச்சிக்கு அதில் கோபம் வேறு.

அங்கன்வாடிகளுக்குப் போய்ப் பிள்ளைகளைப் பரிசோதிக்கும் ஆர்.பி.எஸ்.கே. (தேசியக் குழந்தைகள் நலத் திட்டம்) டீம் நர்ஸ்:

கேள்வி கேட்கிற விதம் பற்றிச் சொன்னது ரொம்பச் சரி. ஆட்டிசத்துக்கான எம்-சாட் படிவம் 16 முதல் 30 மாதம் வரைக்குமானது. 20 கேள்விகள், ஆமாம் அல்லது இல்லை. அதில் 2, 5, 12 மட்டும் தலைகீழ். "காது கேக்கலையோன்னு சந்தேகப்பட்டிருக்கீங்களா?" என்பது மாதிரியான கேள்விகளில் 'ஆமாம்' என்றால்தான் மதிப்பெண் ஏறும். நாம் அவசரமாக வாசிக்க வாசிக்க, எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிற அம்மாவின் பிள்ளைக்கு மூன்று மதிப்பெண் வந்துவிடும். மூன்று என்றாலே நடுத்தர ஆபத்து! மூன்று முதல் ஏழு வரை வந்தால் உதாரணம் கேட்டு இரண்டாம் சுற்று விசாரிக்கச் சொல்லியிருப்பது இதற்குத்தான். பல இடங்களில் அந்தச் சுற்றைத்தான் விட்டுவிடுகிறார்கள். எட்டும் அதற்கு மேலும் வந்தால் விசாரணை தேவையில்லை, நேரே அனுப்பலாம்.

ஒரு அங்கன்வாடியில் இரண்டு வயசுப் பெண், ஏ முதல் இசட் வரை ஒப்பிப்பாள். டீச்சருக்கு ஏகப்பட்ட பெருமை. ஆனால் பிள்ளை எதையும் விரலால் சுட்டி யாருக்கும் காட்டவில்லை, ஒரு பொம்மையைக்கூட "இங்க பாரு" என்று கொண்டுவரவில்லை. அப்பாவிடம் சொன்னதும், "என் பொண்ணுக்குப் பைத்தியம்னு சொல்றீங்களா?" என்று எகிறினார். இது சல்லடைதான், முடிவை டாக்டர்தான் சொல்லணும் என்றேன். வளர்ச்சிக் குறைகளைப் பார்க்கிற மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு சேவை மையத்துக்கு இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். சீட்டை வாங்கிக்கொண்டு போகாமலே விடுகிறவர்கள் நிறைய. இவர் போனார், பிள்ளைக்கு இப்போது பயிற்சி நடக்கிறது. முன்னேற்றம் மெதுவாகத்தான் இருக்கிறது.

ஒரு அம்மா, சேலம்:

என் மகள் 32 வாரத்தில் பிறந்தவள். பதினாலு மாதத்திலும் நிற்கவில்லை, தவழவும் இல்லை என்று பக்கத்து வீட்டில் ஆரம்பித்து நாத்தனார் வரை ஆளாளுக்குப் பேச்சு. ஊசி போடும் சிஸ்டர்தான் நாற்பது வாரத்துக்குக் குறைந்த எட்டு வாரத்தைக் கழித்துப் பன்னிரண்டு மாதமாகக் கணக்குப் போட்டுப் பார்த்தார். அந்தக் கணக்குக்கு எல்லாம் சரியாக இருந்தது. டிஸ்சார்ஜ் ஆனபோது யாரும் இதைச் சொல்லவில்லை. மற்ற குறைமாதக் குழந்தைகளுக்கும் இப்படியே பார்த்துக்கொண்டு இருக்கலாமா?

நெல்லை செவிலியர் பதில்:

வாரத்தைக் கழிப்பது இரண்டு வயசு வரைக்கும்தான். தவழ்வதைப் பற்றிக் கவலை வேண்டாம். உட்கார்ந்தபடியே நகர்ந்துவிட்டு நேரே நடக்கிற பிள்ளைகள் உண்டு. அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையமான சி.டி.சி. 2022-ல் திருத்திய பட்டியலில் தவழ்வதையே எடுத்துவிட்டார்கள். ஆனால் கழித்துப் பார்த்தும் பதினெட்டு மாதத்தில் நடக்கவில்லை என்றால், குறைமாதம்தானே என்று இருந்துவிடாதீர்கள். பேசிக்கொண்டிருந்த வார்த்தைகளைப் பிள்ளை விட்டுவிட்டால் எந்தக் கணக்கும் போட வேண்டாம், அந்த வாரமே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.