மஞ்சள் கோட்டின் அருகே பலகை எதுவும் இல்லை, ஆனாலும் அபராதம் வந்தது ஏன்?

கேட்டவர்: புதுக்குடித்தனம்

அனைவருக்கும் வணக்கம். சென்னையிலிருந்து லண்டனுக்குக் குடிவந்து ஏழு மாதங்கள் ஆகின்றன. சென்ற மாதம்தான் பழைய கார் ஒன்றை வாங்கினேன். கடந்த சனிக்கிழமை மாலை, நகரின் கிழக்குப் பகுதியில் வசிக்கும் நண்பர் ஒருவரின் வீட்டுக்குக் குடும்பத்தோடு சென்றிருந்தோம். அவருடைய தெருவில் வெள்ளைக் கோட்டால் பெட்டி பெட்டியாகப் பிரித்த இடங்கள் சில காலியாகவே இருந்தன. ஆனால் அருகிலிருந்த கம்பத்தில் பெர்மிட் உள்ளவர்களுக்கு மட்டும் என்று எழுதியிருந்ததால் அவற்றைத் தவிர்த்துவிட்டு, சற்றுத் தள்ளி ஒற்றை மஞ்சள் கோடு போட்ட இடத்தில் காரை நிறுத்தினேன். அந்தக் கோட்டுக்கு அருகில் பலகை ஏதாவது இருக்கிறதா என்று முன்னும் பின்னும் நடந்து பார்த்தேன், எதுவும் இல்லை. இரவு பத்து மணிக்குத் திரும்பி வந்தபோது கண்ணாடியில் மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் உறை ஒட்டப்பட்டிருந்தது.

உள்ளே இருந்த நோட்டீஸில் குறியீடு 01 என்றும், முதலில் பார்த்த நேரம் 6.09, நோட்டீஸ் கொடுத்த நேரம் 6.14 என்றும் அச்சிட்டிருக்கிறது. தொகை 160 பவுண்டு. 14 நாட்களுக்குள் கட்டினால் 80 பவுண்டு. பலகையே இல்லாத இடத்தில் எப்படி அபராதம் விதிக்க முடியும்? நான் மறுத்து எழுதினால் பாதித் தொகைச் சலுகை போய்விடுமா? இனி ஒரு புதிய தெருவுக்குள் நுழையும்போது எதை எதைப் பார்க்க வேண்டும் என்பதையும் அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: பழைய சாரதி

தம்பி, நீங்கள் தேடிய பலகை இருந்திருக்கும். நீங்கள் தேடிய இடத்தில்தான் இருந்திருக்காது. நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இந்த நகரத்தில் இருபத்தெட்டு வருடங்களாக வாகனம் ஓட்டுகிறேன். முதல் வருடத்தில் நானும் இதே மாதிரி மூன்று முறை தண்டப்பணம் கட்டியிருக்கிறேன் என்பதால், உங்களைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

லண்டனின் பல குடியிருப்பு வீதிகள் சி.பி.இசட் என்று சொல்லப்படும் கட்டுப்பாட்டு வலயங்களுக்குள் இருக்கின்றன. அந்த வலயத்துக்குள் நுழையும் ஒவ்வொரு வீதியின் வாயிலிலும், நீல வட்டமும் சிவப்புக் குறுக்குக் கோடும் கொண்ட பெரிய பலகை ஒன்றில் கிழமைகளும் நேரமும் எழுதப்பட்டிருக்கும். வலயத்துக்குள் இருக்கும் ஒற்றை மஞ்சள் கோடுகள் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே பலகைதான் பேசுகிறது. ஒரு கோட்டுக்கு வேறு நேரம் இருந்தால் மட்டுமே அதன் அருகில் தனிப் பலகை வைப்பார்கள். ஆகவே கோட்டின் பக்கத்தில் பலகை இல்லை என்பதற்குக் கட்டுப்பாடு இல்லை என்று பொருளல்ல, வாயிலில் சொன்ன நேரமே இங்கும் பொருந்தும் என்றுதான் பொருள். சிக்கல் என்னவென்றால், அந்த வாயில் நீங்கள் நிறுத்திய இடத்திலிருந்து நான்கு வீதிகள் தள்ளி இருக்கலாம். நீங்கள் பேருந்துக்கு வழிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த கணத்தில் அது கண்ணில் படாமலே போயிருக்கும். இந்த ஏற்பாடு புதிதாக வருபவருக்கு நியாயமானதல்ல என்பதே இன்றும் என் கருத்து. ஆனால் சட்டம் அதை ஏற்றுக்கொள்கிறது.

இரட்டை மஞ்சள் கோட்டுக்கு இந்தக் குழப்பமே இல்லை. அங்கே எந்த நாளும் எந்த நேரமும் வாகனத்தை நிறுத்திவைக்கக் கூடாது, அதற்குப் பலகையும் தேவையில்லை. கோடு தார் வீதியில் போடப்பட்டிருந்தாலும் அதன் தடை பக்கத்து நடைபாதைக்கும் சேர்த்தே பொருந்தும் என்பதால், சக்கரத்தை மேலே ஏற்றித் தப்பிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். ஆட்களை ஏற்றி இறக்கிவிட்டு உடனே புறப்படுவதற்கு மஞ்சள் கோடுகளில் அனுமதி உண்டு. சாமான் ஏற்றி இறக்கவும் பொதுவாக அனுமதி உண்டு, ஆனால் நடைபாதை ஓரக் கல்லில் குறுக்காக மஞ்சள் கீறல்கள் இருந்தால் அதற்கும் தடை இருக்கிறது: இரட்டைக் கீறல் என்றால் எந்நேரமும், ஒற்றைக் கீறல் என்றால் பலகையில் சொன்ன நேரத்தில். சிவப்புக் கோடு போட்ட பெருவீதிகள் வேறு சாதி. அவற்றில் தடை நேரத்தில் நிறுத்திவைப்பது மட்டுமல்ல, நிற்பதே குற்றம்.

பத்து நிமிடம் பொறுப்பார்கள் என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருந்தால், அது பாதி உண்மை. 2015 முதல் இங்கிலாந்தில் பத்து நிமிடச் சலுகை சட்டமாகவே இருக்கிறது, ஆனால் அது பணம் கட்டி நிறுத்திய பெட்டியிலோ இலவச நேரம் கொடுத்த பெட்டியிலோ உங்கள் நேரம் முடிந்த பிறகு கிடைப்பது. மஞ்சள் கோட்டில் அது செல்லாது. உங்கள் நோட்டீஸில் இருக்கும் ஐந்து நிமிட இடைவெளி, நீங்கள் சாமான் இறக்குகிறீர்களா என்று அதிகாரி காத்திருந்து பார்த்த நேரம்.

பதில்: நிழல்மரம்

நண்பரே, உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறேன். நோட்டீஸ் வைக்கப்பட்ட நாளையே முதல் நாளாக வைத்து 14 நாட்களை எண்ணுங்கள். அடுத்த நாளிலிருந்து எண்ணி ஒரு நாள் பிந்தியவர்களை எனக்குத் தெரியும். அந்தக் காலத்துக்குள், நோட்டீஸ் கொடுத்த கவுன்சிலின் (உள்ளூராட்சி மன்றத்தின்) இணையதளத்தில் மறுப்பை எழுதி அனுப்பிவிட்டால், அவர்கள் அதை நிராகரித்தாலும் பாதித் தொகையில் கட்டுவதற்கு வழக்கமாக மீண்டும் 14 நாட்கள் கொடுப்பார்கள். முக்கியமானது: பணத்தைக் கட்டிவிட்டு மறுப்பு எழுதக் கூடாது, கட்டிய உடனே வழக்கு முடிந்துவிடும்.

எழுதுவதற்கு முன்னால், நோட்டீஸ் எண்ணையும் வண்டி எண்ணையும் கொடுத்து அதிகாரி எடுத்த படங்களைப் பாருங்கள். என் விஷயத்தில் நடந்தது இது. ஒரு கடைத்தெருவில் செயலி வழியாக 2 பவுண்டு 40 பென்ஸ் கட்டினேன். கட்டும்போது வண்டி எண்ணில் பூஜ்யத்துக்குப் பதிலாக ஆங்கில எழுத்து 'ஓ' விழுந்துவிட்டது. ரசீதைக் காட்டி எழுதிய முதல் மறுப்பை, சரியான எண்ணை உள்ளிடுவது ஓட்டுநரின் பொறுப்பு என்று சொல்லி நிராகரித்தார்கள். பாதித் தொகையைக் கட்டிவிடலாம் என்று கணவர் சொன்னார். எனக்கு மனம் ஒப்பவில்லை. 28 நாட்களில் கட்டாவிட்டால் காரின் பதிவு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு 'நோட்டீஸ் டு ஓனர்' என்ற கடிதம் வரும். அதற்குப் பதில் எழுத மேலும் 28 நாட்கள் உண்டு. அதையும் நிராகரித்த பிறகு லண்டன் டிரைபியூனல்ஸ் என்ற தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்தேன். அங்கே கட்டணம் எதுவும் கிடையாது, நேரில் போகவும் தேவையில்லை. விசாரணைக்கு ஒன்பது நாட்கள் இருக்கும்போது, மேல்முறையீட்டை எதிர்க்கப் போவதில்லை என்று கவுன்சிலே எழுதிவிட்டது. மொத்தம் ஐந்து மாத அலைச்சல். இந்தக் கட்டத்துக்கு வந்தவருக்குப் பாதித் தொகைச் சலுகை கிடையாது, தோற்றால் முழுத் தொகைதான் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஆகவே உங்கள் வழக்கின் பலம் ஒரே ஒரு விஷயத்தில்தான் இருக்கிறது: நீங்கள் வந்த வழியில் வலயப் பலகை இருந்ததா, ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியும்படி இருந்ததா? மரக்கிளை மூடியிருந்தாலோ, கம்பம் திரும்பியிருந்தாலோ, பலகையே விழுந்து கிடந்தாலோ, படம் எடுத்து அனுப்புங்கள். விதி தெரியாது, ஊருக்குப் புதியவர் என்பன போன்ற காரணங்கள் கவுன்சிலின் மனத்தை இளக்கலாம். ஆனால் தீர்ப்பாயத்தில் நடுவர் இரக்கத்தின் பேரில் ரத்து செய்ய முடியாது, மீறல் நடந்ததா இல்லையா என்பதைத்தான் பார்ப்பார்.

உங்கள் காரின் லாக் புக்கில், அதாவது பதிவுப் பத்திரத்தில், தற்போதைய முகவரி இருக்கிறதா என்றும் இன்றே பாருங்கள். வீடு மாறியவர்கள் வாகனப் பதிவு அலுவலகமான டி.வி.எல்.ஏ.வுக்குச் சொல்லாமல் விடுவதால் கடிதங்கள் எல்லாம் பழைய முகவரிக்குப் போகின்றன. தொகை ஒன்றரை மடங்காகி, நார்த்தாம்ப்டனில் இருக்கும் நீதிமன்ற மையத்தில் கடனாகப் பதிவாகி, வசூல் முகவர் வாசலில் வந்து நிற்கும்போதுதான் பலருக்கு நோட்டீஸ் வந்ததே தெரிகிறது. முகவரியை மாற்ற ஒரு பென்னிகூடச் செலவில்லை.

பதில்: இரவு மினிகேப்

மேலே இருவரும் விரிவாக எழுதிவிட்டதால், விடுபட்டதை மட்டும் சொல்கிறேன். லண்டனில் நடைபாதையின் மேல் ஒரு சக்கரத்தை ஏற்றி நிறுத்தினாலும் தண்டம்தான். 1974-ஆம் ஆண்டுச் சட்டம், கோடோ பலகையோ தேவையில்லை, குறியீடு 62. வேறு நகரத்திலிருந்து வருபவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இதில்தான். அதேபோல, ஒரு வீட்டின் வாசலில் நடைபாதை ஓரக் கல் தாழ்த்தப்பட்டிருந்தால் அதன் குறுக்கே நிறுத்துவது குறியீடு 27. அதற்கும் பலகை கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை என்றால் எல்லா இடமும் இலவசம் என்று கோயிலுக்கு வருபவர்கள் நம்புகிறார்கள். பல வலயங்களில் அது உண்மை, சிலவற்றில் இல்லை. விளையாட்டரங்கம் இருக்கும் பகுதிகளில் ஆட்டம் நடக்கும் நாளுக்கென்று தனி நேரம் உண்டு, வெம்பிளிப் பக்கம் போவதாக இருந்தால் அன்றைக்கு அங்கே என்ன நிகழ்ச்சி என்று பார்த்துவிட்டுப் போங்கள். சொந்த வீதியில் பேர்மிட்டோடு நிறுத்திவிட்டு மூன்று வாரம் ஊருக்குப் போகிறவர்கள், பக்கத்து வீட்டாரிடம் ஒரு சாவியைக் கொடுத்துவிட்டுப் போவது நல்லது. குழாய் தோண்டுவதற்கோ வீடு மாறும் லொறிக்கோ அந்தப் பெட்டியை இடைநிறுத்தி மஞ்சள் அறிவிப்பு ஒட்டினால், பேர்மிட் உங்களைக் காப்பாற்றாது.

இன்னொன்று. சூப்பர் மார்க்கெட் தரிப்பிடங்களில் தனியார் நிறுவனம் அனுப்பும் சீட்டும், கவுன்சில் நோட்டீஸைப் போலவே பி.சி.என். என்ற மூன்று எழுத்துகளோடு வரும், ஆனால் அது கவுன்சிலின் தண்டம் அல்ல, ஒப்பந்தத்தை மீறியதற்கான கட்டணக் கோரிக்கை. அதற்கு மேல்முறையீட்டு வழி வேறு. குப்பையில் போட்டுவிடலாம் என்று பழைய ஆட்கள் சொல்வதை நம்ப வேண்டாம். 2015-இல் உச்ச நீதிமன்றம் 85 பவுண் கட்டணம் ஒன்றைச் செல்லும் என்று தீர்த்துவிட்டது.

மீண்டும்: புதுக்குடித்தனம்

மூவருக்கும் நன்றி. நேற்று அலுவலகம் முடிந்ததும் அங்கே போய், சனிக்கிழமை வந்த அதே வழியில் நடந்தே பார்த்தேன். பலகை இருந்தது. பெருவீதியிலிருந்து திரும்பும் முனையில், மருந்துக் கடைக்கு எதிரில், இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. கிளையும் மறைக்கவில்லை, கம்பமும் திரும்பவில்லை. திங்கள் முதல் சனி வரை, காலை 8 முதல் மாலை 6.30 வரை. இன்னும் பதினாறு நிமிடம் கழித்து அந்த அதிகாரி வந்திருந்தால் நான் சட்டப்படி நின்றிருப்பேன். எழுதிப் பயனில்லை என்று முடிவு செய்து 80 பவுண்டைக் கட்டிவிட்டேன். லாக் புக் முகவரி சரியாகவே இருக்கிறது.

நடந்தே போனதில் ஒரு விஷயம் தெரியவந்தது. நண்பரிடம் நடந்ததைச் சொன்னபோது அவர் சமையலறை மேசையின் இழுப்பறையைத் திறந்து, விருந்தினர் காருக்கென்று கவுன்சிலிடம் வாங்கிவைத்த சுரண்டும் வவுச்சர்களைக் காட்டினார். பதினொன்று மிச்சம் இருந்தன. அன்றைக்கு நான் ஒதுக்கிவிட்டு வந்த அந்த வெள்ளைப் பெட்டிகளில் ஒன்றில் நிறுத்தி, ஒரு வவுச்சரைச் சுரண்டி கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருந்தால் போதும். நாங்கள் ரயிலில் வந்திருப்போம் என்று அவர் நினைத்துக்கொண்டார், நான் கேட்கவும் இல்லை.

பதில்: பழைய சாரதி

தம்பி, அந்த வவுச்சர் அந்த வலயத்தின் பெட்டிகளுக்கு மட்டுமே செல்லும், மஞ்சள் கோட்டுக்குச் செல்லாது. நாளையும் மணியையும் சரியாகச் சுரண்டினீர்களா என்று ஒருமுறை பார்த்துவிட்டுக் கதவைப் பூட்டுங்கள். மாதத்தைச் சுரண்ட மறந்து தண்டம் கட்டியவர் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார்.