500 மீட்டரில் பத்துக்கு இரண்டு

காலாட்படையில் முதல் ஆண்டு. 300 மீட்டரில் படுத்துச் சுட்டால் ஐந்து தோட்டாக்களும் ஒரு சாண் அகலத்துக்குள் விழும். எனக்கு அதில் பெருமை அதிகம். நெடுந்தூரப் பயிற்சிக்குத் தேர்வாகி 500 மீட்டர் கோட்டில் படுத்த அன்று, பத்தில் இரண்டுதான் இலக்கைத் தொட்டன. துப்பாக்கியில்தான் கோளாறு என்று சாதித்தேன். பயிற்றுநர் அதை வாங்கி ஐந்து முறை சுட்டார், ஐந்தும் பட்டன.

பிறகு என்னைத் தொலைநோக்கியில் பார்க்கச் சொன்னார். இலக்குக்குச் சற்று முன்னால் குவியத்தை வைத்தால் கானல் தெரியும். காற்றில்லாவிட்டால் அது நேர்மேலே கொதித்தெழும். காற்றடித்தால் ஓடைநீர்போலப் பக்கவாட்டில் ஓடும். என் அருகில் காற்றைக் காட்டும் கொடித்துணி துவண்டு கிடந்தது. ஆனால் பாதி வழியில் புல் முழுதும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தது. எங்கள் துப்பாக்கியின் 5.56 மில்லிமீட்டர் விட்டமுள்ள தோட்டாவின் எடை சுமார் 4 கிராம்தான். மணிக்கு 16 கிலோமீட்டர் பக்கக்காற்று அதை 300 மீட்டரில் ஏறத்தாழ ஒரு சாண் தள்ளும். 500 மீட்டரிலோ முக்கால் மீட்டர். ஓர் ஆளின் தோள் அகலத்தைவிட அதிகம்!

உடலும் என்னை ஏமாற்றியிருந்தது. குறிவைத்தபின் கண்ணை மூடி, இரண்டு மூச்சு விட்டுத் திறக்கச் சொன்னார். குறி இலக்கைவிட்டு நகர்ந்திருந்தது. அதுவரை தசையால் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். கையால் திருத்தக் கூடாது, இடுப்பை நகர்த்திப் படுக்க வேண்டும். அன்று மாலை முழுதும் குழல் முனையில் நாணயம் வைத்து, அது விழாதபடி வெறும் விசையை இழுத்துப் பழகினோம். தோட்டா செலவில்லாத இந்தப் பயிற்சியை ஏன் இவ்வளவு குறைவாகத் தருகிறார்கள் என்ற ஆதங்கம் எனக்கு இன்றும் உண்டு.

ஆப்கானிஸ்தானில் 300 மீட்டருக்கு அப்பாலிருந்து சுடப்பட்ட படைகள் கனமான தோட்டாவைத் தேடின. பிரிட்டன் 2010இல் 7.62 மில்லிமீட்டர் எல்129ஏ1 துப்பாக்கியைக் கொண்டுவந்தது; அமெரிக்கா 2022இல் 6.8 மில்லிமீட்டரைத் தேர்ந்தெடுத்தது. தேவையான மாற்றம்தான். ஆனால் எந்தத் தோட்டாவும் காற்றைத் தானே கணக்கிடாது.

மறுநாள் பத்தில் ஏழு. பின்னாளில் நான் பயிற்சி தந்தபோது, காற்றின் திசையையும் வேகத்தையும் தாளில் எழுதிக் காட்டாத எவருக்கும் தோட்டா கொடுத்ததில்லை.