முட்டி தரையில் பட்டால் மாடு விழுந்ததா, இல்லையா?

சந்தைப்பேட்டை:
பால் விலை பற்றிய இழையில் நேற்று அமெரிக்காவிலிருக்கும் கன்சாஸ்_தம்பி ஒரு வரி எழுதியிருந்தார். "இங்கே இறைச்சி ஆலையில் லாரியை விட்டு இறங்குகிற 100 மாட்டில் 99 விழாமல் இறங்குகிறது, தணிக்கைத் தாளே சாட்சி. நம் ஊரில் மாட்டை மூட்டை மாதிரி தள்ளிவிடுகிறார்கள்" என்று. அதற்கு 40 பேர் கைதட்டல் வேறு. அங்கே பதில் எழுதினால் பால் பேச்சு கெட்டுப்போகும் என்றுதான் தனி இழை.

என் அப்பா 22 வருஷம் பொள்ளாச்சிச் சந்தையிலிருந்து கேரளாவுக்கு மாட்டு லாரி ஓட்டினவர். பள்ளிக்கூட லீவில் நானும் கிளீனரோடு உட்கார்ந்து போயிருக்கிறேன். மாடு இறக்குவதை எனக்கு யாரும் படம் போட்டுக் காட்ட வேண்டாம். ஒரே கேள்விதான் தம்பி. அந்த 99இல், முட்டி போட்டு எழுந்த மாடு எத்தனை?

கன்சாஸ்_தம்பி:
அண்ணே, நல்ல கேள்வி, சொல்கிறேன். மேற்குக் கன்சாஸில் ஒரு மாட்டிறைச்சி ஆலையில் தரக்கட்டுப்பாட்டில் 9 வருஷமாக இருக்கிறேன். வட அமெரிக்க இறைச்சிக் கழகத்தின் வழிகாட்டியை வைத்துத்தான் எண்ணுகிறோம். அதில் வழுக்கல் வேறு, விழுதல் வேறு. முட்டியோ பின்னங்கால் மூட்டோ தரையைத் தொட்டால் வழுக்கல். கால் தவிர உடம்பின் வேறு பாகம், வயிறோ விலாவோ, தரையில் பட்டால்தான் விழுதல். விழுதல் 100க்கு ஒன்றைத் தாண்டினால் அந்தத் தணிக்கை தோல்வி. அது மட்டும் இல்லை. லாரி வந்து நின்ற ஒரு மணி நேரத்துக்குள் இறக்கத் தொடங்க வேண்டும், மாட்டை நகர்த்த ஷாக் கொடுக்கிற கரண்ட் கோலுக்கு அளவு உண்டு, வேண்டுமென்றே ஒரே ஒரு மாட்டைக் கொடுமைப்படுத்தினாலும் மொத்தமும் தோல்வி.

சந்தைப்பேட்டை:
சரி. அப்படியென்றால் முட்டி போட்ட மாடு விழவில்லை. இதைத்தான் உங்கள் வாயால் கேட்க நினைத்தேன்.

கன்சாஸ்_தம்பி:
முட்டி போட்டதை வழுக்கல் என்று தனியாக எழுதத்தானே செய்கிறோம்? மறைக்கவில்லையே.

சந்தைப்பேட்டை:
தனியாக எழுதுவீர்கள், 99இல் சேர்த்தும் கொள்வீர்கள். தம்பி, எனக்குப் பன்னிரண்டு வயசு இருக்கும். பாலக்காட்டுப் பக்கம் விடிகாலையில் ஒரு செவலைப் பசுவை இறக்கினார்கள். மண்மேட்டில் லாரியைப் பின்னால் தள்ளி ஒட்டி நிறுத்தியிருந்தது. மேட்டுக்கும் லாரிக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. முன்னங்கால் அதில் இறங்கிவிட்டது. உடம்பு தரையில் படவே இல்லை, முட்டி மட்டும் லாரியின் இரும்பு விளிம்பில் போய் மோதியது. எழுந்துவிட்டது. எழுந்து நின்றபோது முட்டித்தோல் உரிந்து ஓரத்தில் தொங்குகிறது, உள்ளே வெள்ளையாகத் தெரிகிறது. அப்பா மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் பூசினார். வைக்கோலை மூக்கருகில் வைத்தும் அது திரும்பிப் பார்க்கவில்லை. உங்கள் தாளில் இது 'விழாத மாடு'.

வெட்_டாக்டர்:
இருவருக்கும் வணக்கம். இங்கே நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்க்கலாமே. 1978ஆம் வருஷத்து விலங்குகள் போக்குவரத்து விதிகளின்படி ஒரு சரக்கு லாரியில் ஆறு மாட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது. தரையில் வழுக்காமலிருக்கக் கயிற்றுப் பாயோ மரப்பலகையோ போட வேண்டும், கூட ஒரு ஆள் இருக்க வேண்டும், பயணத்துக்குத் தகுதி என்று கால்நடை மருத்துவர் சான்று தர வேண்டும். 2015இல் மோட்டார் வாகன விதியிலும் சேர்த்தார்கள். ஒவ்வொரு மாட்டுக்கும் தனித் தடுப்பு, பசுவுக்கும் எருமைக்கும் குறைந்தது 2 சதுர மீட்டர். 2001ஆம் வருஷத்து இறைச்சிக்கூட விதிகள், இறக்குவதற்குச் சாய்தளம் வேண்டும் என்கின்றன. மருத்துவர் ஒரு மணிக்கு 12 மாட்டுக்கு மேல் பரிசோதிக்கக் கூடாது, நாளைக்கு 96. விதிகளில் நாம் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. ஆனால் இறங்கும்போது எத்தனை மாடு விழுந்தது என்று நம் பக்கத்தில் யாரும் எண்ணுவதில்லை. கன்சாஸ் தம்பி சொல்வதில் எனக்குப் பிடித்தது அந்த எண்ணுவதுதான்.

சந்தைப்பேட்டை:
டாக்டர், நீங்கள் முட்டியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பாலக்காட்டுக்காரன்:
டாக்டர் சார், சான்று பற்றிப் பேசினீர்கள். மாடு சந்தைக்குள் நுழையும் முன்பே சான்றில் கையெழுத்து ஆகியிருந்த கதையை நான் கண்ணால் பார்த்தவன். அந்த டாக்டர் வண்டியை விட்டு இறங்கக்கூட இல்லை.

வெட்_டாக்டர்:
யாரோ ஒருவர் செய்ததற்கு எல்லா மருத்துவர்களையும் சேர்த்துப் பேசாதீர்கள். 26 வருஷ சர்வீஸில் பார்க்காத மாட்டுக்கு நான் கையெழுத்துப் போட்டதில்லை. ஒரு முறை நிறைமாதச் சினைப்பசுவை இறக்கி வைத்துவிட்டுப் போகச் சொன்னதற்கு என் வண்டியின் நான்கு டயரிலும் காற்றைப் பிடுங்கிவிட்டார்கள்.

பாலக்காட்டுக்காரன்:
உங்களைச் சொல்லவில்லை சார். தொட்டதும் சுருங்குகிறீர்கள்.

கன்சாஸ்_தம்பி:
பேச்சு எங்கேயோ போகிறது. எண்ணுவதால் என்ன ஆகிறது என்று சொல்கிறேன். டெம்பிள் கிராண்டின் என்ற விலங்கு நல விஞ்ஞானி 1996இல் அமெரிக்க அரசுக்காக ஆலைகளைச் சுற்றிப் பார்த்தார். அறுப்பதற்கு முன் நெற்றியில் துப்பாக்கியால் சுட்டு, முதல் குறியிலேயே 95 சதவீத மாட்டை நினைவிழக்கச் செய்த ஆலைகள் அப்போது 30 சதவீதம்தான். 1999இல் மெக்டொனால்ட்ஸ் தணிக்கை தொடங்கியதும் அது 90 சதவீதமாக ஏறியது. பெரிய இயந்திரம் எதுவும் வாங்கவில்லை. துப்பாக்கியைத் தினமும் சுத்தம் செய்தார்கள், ஆட்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள், எண்ணினார்கள். அவ்வளவுதான்.

சந்தைப்பேட்டை:
நான் கேட்டது இறக்குவதைப் பற்றி, தம்பி சொல்வது சுடுவதைப் பற்றி. நான் முட்டி என்கிறேன், அவர் நெற்றியைக் காட்டுகிறார்.

அப்புறம், தணிக்கையில் தேறுவதைப் பற்றி இவ்வளவு பெருமை என்றால் கலிபோர்னியாவில் சீனோ என்ற ஊர் நினைவிருக்கிறதா? 2008. அங்கே ஒரு மாட்டிறைச்சி ஆலையில் நிற்க முடியாத மாடுகளை ஃபோர்க்லிஃப்ட்டால் குத்தித் தூக்கின வீடியோ வெளியே வந்தது. 14 கோடியே 30 லட்சம் பவுண்டு, அதாவது ஏறக்குறைய ஆறரைக் கோடி கிலோ மாட்டிறைச்சியைத் திரும்பப் பெற்றார்கள். அந்த ஆலை அதற்கு முந்தின வருஷம் வெளித் தணிக்கைகளில் தேறின ஆலை. தேறின தாளைக் காட்டினால் நான் எழுந்து நிற்க வேண்டுமா?

கன்சாஸ்_தம்பி:
சீனோவை யாரும் மறக்கவில்லை. அதற்கு அடுத்த வருஷம்தான் நிற்க முடியாத மாட்டை அறுக்கவே கூடாது என்று அரசு முழுத் தடை கொண்டுவந்தது. பல ஆலைகள் கேமரா வைத்து வெளியாட்களைப் பார்க்கவிட்டது அதற்குப் பிறகுதான். தணிக்கைக்காரர் வரும் நாளில் மட்டும் ஒழுங்காக இருப்பார்கள் என்பது உண்மைதான். அதனால்தான் கேமரா. நீங்கள் சொல்லும் பழைய ஓட்டையை அடைத்தாயிற்று.

பசுமைவழி:
இறக்கும்போது முட்டி போட்டதா, வயிறு பட்டதா என்று இத்தனை பேர் சண்டை போடுகிறீர்கள். கொல்லப்போகிற மாட்டுக்கு முட்டி என்ன, விலா என்ன? மாட்டைத் தின்பதை நிறுத்தினால் எண்ணவே வேண்டாமே.

சந்தைப்பேட்டை:
ஜல்லிக்கட்டு இழையில் 2017இல் நீங்கள் எழுதினதை நான் இன்னும் மறக்கவில்லை, பசுமைவழி. 'மாடு வளர்க்கிறவனுக்கு மாட்டின் வலி தெரியாது' என்றவர் நீங்கள். கறவை வற்றின மாட்டை வருஷக்கணக்கில் கட்டி வைத்துத் தீனி போட எவ்வளவு ஆகும் என்று அன்றைக்குக் கேட்டேன். இன்றுவரை பதில் இல்லை.

பசுமைவழி:
அதற்கு அன்றே பதில் சொன்னேன், நீங்கள் படிக்கவில்லை. கோசாலைகள் இருக்கின்றன.

பாலக்காட்டுக்காரன்:
கோசாலை பேச்சை எடுக்காதீர்கள். ராத்திரி ரோட்டில் லாரியை மறித்துக் காசு பிடுங்கும் கும்பலும் மாட்டுக்காகத்தான் என்று சொல்கிறது. அந்தப் பயத்தில்தான் டிரைவர் தண்ணீர் காட்டக்கூட நிறுத்தாமல் ஓட்டுகிறான்.

நான் இறைச்சிக்கடைக்காரன். எனக்கு ஒரே கணக்கு. அடிபட்ட மாட்டில் தொடையும் தோளும் கன்றிப் போயிருக்கும், அந்தக் கறியை வெட்டி வீசத்தான் வேண்டும். பயந்து மிரண்டு வந்த மாட்டின் கறி கறுத்துப்போய் ஒட்டும், ரெண்டாம் நாளே நாறும். சந்தைப்பேட்டை அண்ணன் லாரியில் எத்தனை மாடு ஏறும்?

சந்தைப்பேட்டை:
பதினாறு. மறைக்க என்ன இருக்கிறது. ஆறு மாடு ஏற்றினால் டீசலுக்கும் சுங்கத்துக்கும் கட்டாது என்று வியாபாரி சொல்வார். அப்பா சம்பளத்துக்கு ஓட்டினவர்.

கன்சாஸ்_தம்பி:
பதினாறு! ஆறு ஏற்ற வேண்டிய லாரியில் பதினாறு மாட்டை ஏற்றிவிட்டு என்னிடம் முட்டிக்கணக்குக் கேட்கிறீர்களே அண்ணே. நான் மூட்டை என்று எழுதினது தப்பா?

சந்தைப்பேட்டை:
தப்புதான். மூட்டைக்கு யாரும் மஞ்சள் பூசுவதில்லை. பதினாறு ஏற்றினோம் என்று நான் வெளிப்படையாகச் சொல்கிறேன். நீங்கள் 99 என்று எழுதும்போது முட்டி போட்டதை வெளிப்படையாகச் சொல்லவில்லை. வித்தியாசம் அதுதான்.

உங்கள் ட்ரெய்லரைப் பற்றியும் ஒன்று கேட்கிறேன். அந்த வயிறு தொங்கின இரண்டடுக்கு வண்டி. உள்ளேயே மேல் தட்டுக்கும் கீழ்த் தட்டுக்கும் சரிவு வைத்திருக்கிறது. எண்ணுகிறவர் எங்கே நிற்கிறார்? வெளியே மேடையில். 600 கிலோ மாடு உள்ளே அந்தச் சரிவில் முட்டி போட்டால் எண்ணுகிறவருக்குத் தெரியுமா?

கன்சாஸ்_தம்பி:
உள்ளே முழுதாகத் தெரியாது. சத்தம் கேட்கும். கதவு வழியாகத் தெரிகிற அளவுக்குப் பார்ப்போம்.

ஆனால் நான் பார்த்த ஒன்றையும் கேளுங்கள். போன ஜனவரியில் ஒரு காலை. ட்ரெய்லர் ஓட்டைகளிலிருந்து மாட்டின் மூச்சு ஆவியாகப் போய்க்கொண்டிருந்தது. கதவைத் திறந்தும் ஒரு மாடு வெளியே வரவில்லை. முதல் மாடு தலையைத் தாழ்த்தி எதையோ பார்த்து நிற்கிறது, பின்னால் இருப்பவை முட்டுகின்றன. டிரைவர் கரண்ட் கோலை எடுத்தார். நான் 'பொறுங்கள்' என்று சொல்லிவிட்டு மாடு பார்த்த திசையில் போய்ப் பார்த்தேன். வேலிக்கம்பியில் யாரோ மஞ்சள் மழைக்கோட்டு ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள், காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. எடுத்துச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். 35 மாடும் ஒன்றன் பின் ஒன்றாக நடந்து இறங்கின. கோல் ஒரு முறைகூடப் படவில்லை. எண்ணப் பழகாதவனுக்கு அந்தக் கோட்டு கண்ணில் படாது. கோலைத்தான் எடுப்பான், மாடு துள்ளும், விழும்.

வெட்_டாக்டர்:
இது அருமை. நம் ஊரில் வாலை முறுக்குகிறார்களே, அந்த இடத்தில் எதிரே என்ன தொங்குகிறது என்று ஒருவர் பார்த்தால் பாதி வேலை முடியும். சாய்தளம் 20 டிகிரிக்குள் இருக்க வேண்டும், சிமெண்டில் வரி இழுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான் செலவு.

சந்தைப்பேட்டை:
டாக்டர் கன்சாஸ் கட்சிக்குப் போய்விட்டார். இருக்கட்டும். மழைக்கோட்டுக் கதை நன்றாகத்தான் இருக்கிறது, தம்பி செய்தது நல்ல வேலை. ஆனால் அன்றைக்கு அந்த 35இல் எத்தனை முட்டி போட்டது?

கன்சாஸ்_தம்பி:
ஒன்றும் இல்லை.

சந்தைப்பேட்டை:
உள்ளே?

கன்சாஸ்_தம்பி:
அண்ணே, உள்ளே தெரியாது என்று முன்னாலேயே சொல்லிவிட்டேன். நீங்கள் கேட்டதையே கேட்கிறீர்கள். வழுக்கலையும் விழுதலையும் ஒன்றாகப் போட்டால் எந்த ஆலையும் தேறாது, எல்லாரும் எண்ணுவதையே விட்டுவிடுவார்கள். செய்யக்கூடிய அளவு ஒன்று வைத்தால்தான் திருந்துவார்கள்.

சந்தைப்பேட்டை:
அதைத்தான் நானும் இத்தனை நேரமாகச் சொல்கிறேன். ஆலை தேற வேண்டும் என்பதற்காக முட்டியை வெளியே எடுத்தீர்கள். மாட்டைக் கேட்டா எடுத்தீர்கள்?

பாலக்காட்டுக்காரன்:
அண்ணா, பதினாறு மாட்டைக் கேட்டா ஏற்றினீர்கள்?

சந்தைப்பேட்டை:
அதற்குப் பதில் சொல்லிவிட்டேன். மேலே போய்ப் படியுங்கள்.

பசுமைவழி:
என் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

கன்சாஸ்_தம்பி:
எனக்கு நாளை நாலரை மணிக்கு ஷிப்ட். படுக்கப் போகிறேன். நான் எழுதின 99 சரியான எண், வழிகாட்டியின்படி சரி. அதை மாற்றமாட்டேன்.

சந்தைப்பேட்டை:
பால் விலை இழையைத் திறந்து பார்த்தேன். அந்த வரி அப்படியே இருக்கிறது. பக்கத்தில் 'முட்டி போட்டவை தனி' என்று மூன்று வார்த்தை சேர்க்க இவருக்கு மனசு வரவில்லை. கைதட்டல் 46 ஆகியிருக்கிறது.